தூசி எழுதும் கணக்கு

எங்கள் வீட்டுக் காலண்டரில் தங்கமணி வட்டம் போடுகிற தேதிகள் பல. கேஸ் சிலிண்டர் வந்த நாள், பால் கணக்கு முடிக்கிற நாள், ஊருக்குப் போக ரயில் டிக்கெட் திறக்கிற நாள். பள்ளிக்கூடம் போகிற மகள் வட்டம் போடுவது வருடத்துக்கு இரண்டே இரண்டு. ஆகஸ்ட் 12, டிசம்பர் 13. முதலாவது பெர்சீட், அடுத்தது ஜெமினிட். இரண்டும் எரிநட்சத்திரம் மழையாகக் கொட்டுகிற ராத்திரிகள்.

டெல்லியில் உட்கார்ந்துகொண்டு எரிநட்சத்திரம் பார்க்கிறேன் என்று சொன்னால் இங்கே இருக்கிற நம்மாட்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். ஆகஸ்டில் மேகம், டிசம்பரில் புகைமூட்டம், மிச்ச நாளெல்லாம் தெருவிளக்கு. மயூர் விகார் மொட்டை மாடியில் ராத்திரி பதினொரு மணிக்கு வானம் சாம்பல் பூத்த கங்கு மாதிரி மங்கலாக இருக்கும். நல்ல நாளில் எண்ணினால் இருபது நட்சத்திரம் தேறும்.

இன்றைக்குச் சொல்ல வந்தது அந்த எரிநட்சத்திரத்தைப் பற்றியும், வட துருவத்தில் உருகிக்கொண்டிருக்கிற கடல் பனியைப் பற்றியும். "மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க" என்று தங்கமணி இப்பவே சொல்லியாச்சு. முடிச்சு நான் போட்டதில்லை. கடலுக்கு அடியில் சேற்றைத் தோண்டிப் பார்த்த ஆட்கள் போட்டது. கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் அங்கே வரவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் கொசுவத்தி. எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். கரிசல் காடு, மானாவாரிப் பூமி. ராத்திரியானால் வானத்தை விட்டால் வேறு வேடிக்கை கிடையாது. கோடையில் தட்டட்டியில் கோரம்பாயை விரித்துப் படுத்தால் நட்சத்திரமெல்லாம் மூஞ்சிக்கு நேரே தொங்கும். நடுநடுவே ஒன்று சர்ரென்று கிழித்துக்கொண்டு போகும். உடனே ஆச்சி, "ஏலே, வெள்ளி விழுந்ததப் பாத்துட்டியா? சட்டுனு பச்ச மரத்தப் பாருல" என்பாள். பார்க்காவிட்டால் மறதி வந்துவிடுமாம். பரீட்சை நேரத்தில் எனக்கு இது பெரிய கவலை. அரைத் தூக்கத்தில் எழுந்து தெருமுனை வேப்பமரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி படுப்பேன்.

ஊரை விட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆச்சு. அப்படி ஒரு வானத்தை மறுபடியும் பார்த்தது 2023 ஆகஸ்டில், லடாக்கில் ஹான்லே என்கிற கிராமத்தில். அந்த வருடம் எல்லாம் கூடி வந்தது. பெர்சீட் உச்சம் ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. அமாவாசை 16. நடுவில் சுதந்திர தின லீவு. ஒரு வாரம் ஆணி பிடுங்க வரமாட்டேன் என்று ஆபீஸில் சொல்லிவிட்டு மூன்று பேரும் கிளம்பிவிட்டோம்.

ஹான்லே, லே நகரத்திலிருந்து சிந்து நதியை ஒட்டி உப்ஷி, சுமதாங், நியோமா வழியாக 250 கி.மீ.க்கும் மேலே. 4,000 மீட்டரைத் தாண்டிய உயரம். 3,500 மீட்டரில் இருக்கிற லே-யிலேயே இரண்டு நாள் சும்மா படுத்துக் கிடந்து உடம்பைப் பழக்கிக்கொள்ளாமல் அங்கே ஏறக்கூடாது. கிராமத்துக்குப் பக்கத்து மலையில் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தொலைநோக்கி நிற்கிறது. 2 மீட்டர் அகலக் கண்ணாடி. இதை இயக்குகிறவர்கள் இருப்பது அங்கே இல்லை, பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில். செயற்கைக்கோள் வழியாக ஓட்டுகிறார்கள். 2022 டிசம்பரில் சுற்றியுள்ள 1,073 சதுர கி.மீ.யை இருள் வானக் காப்பகம் என்று அறிவித்தார்கள். ஜன்னலுக்குத் தடித்த திரை, ராத்திரியில் வண்டிக்கு ஹைபீம் கிடையாது, வந்தவர்களுக்கு வானம் காட்ட அந்தக் கிராமத்து ஆண்களுக்கும் பெண்களுக்குமே பயிற்சியும் தொலைநோக்கியும். புலிக்குக் காப்பகம் பார்த்திருப்பீர்கள். இது இருட்டுக்கு.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மா இரண்டு கம்பளி கொடுத்தார். ஒன்று கீழே, ஒன்று மேலே. பத்து மணி வரைக்கும் மேகம். தங்கமணி, "இதுக்கு டெல்லியிலேயே மேகம் பாத்திருக்கலாம்" என்று ஆரம்பித்துவிட்டாள். நடுராத்திரிக்கு மேல் மெள்ளத் திறந்தது. கொஞ்ச நேரத்தில் ஜூனியர், "அய்யோ, மறுபடியும் மேகம் வருதுப்பா" என்றாள். அவள் காட்டியது பால்வீதி. பிறந்ததிலிருந்து டெல்லியில் வளர்கிற பிள்ளை, அதை அதுவரை பார்த்ததே கிடையாது.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. இரண்டரை மணியிலிருந்து மூன்றரை மணி வரை அவள் நோட்டில் கோடு போட்டு எண்ணினாள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு, அப்படி ஐந்து ஐந்தாக. மொத்தம் 58. ஒன்று மட்டும் வடகிழக்கிலிருந்து பச்சையாக எரிந்துகொண்டு தலைக்கு மேலே போய், அது போன தடம் சில விநாடி புகைக்கோடு மாதிரி நின்றது. என் கண் தன்னால் பச்சை மரத்தைத் தேடியது. ஹான்லேயில் மரத்துக்கு எங்கே போவது? பாறையும் மணலும்தான் :-)

அப்போது கேட்டாள். "அப்பா, இதெல்லாம் எரிஞ்சு கீழ வந்து எங்க போவும்?"

எங்கே போகிறது என்பதற்கு முன்னால் எங்கேயிருந்து வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். பெர்சீட் தூசிக்குச் சொந்தக்காரர் ஸ்விஃப்ட்-டட்டில் என்கிற வால்நட்சத்திரம். 1862 ஜூலையில் லூயிஸ் ஸ்விஃப்ட், ஹோரஸ் டட்டில் என்ற இரண்டு அமெரிக்கர்கள் மூன்று நாள் வித்தியாசத்தில் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. அதன் கரு சுமார் 26 கி.மீ. அகலம். சூரியனை ஒருமுறை சுற்றி வர 130 வருடத்துக்கு மேல் ஆகும். மூடாத மணல் லாரி ரோடெல்லாம் சிந்திக்கொண்டு போகிற மாதிரி, வருகிற வழியெல்லாம் தூசியைச் சிந்தும். ஒவ்வொரு ஆகஸ்டிலும் பூமி அந்த ரோட்டைக் குறுக்கே கடக்கிறது. மணல் பருமன் துகள்கள் விநாடிக்கு 59 கி.மீ. வேகத்தில் நம் காற்று மண்டலத்தில் நுழைந்து, சுமார் 100 கி.மீ. உயரத்தில் எரிந்துபோகின்றன. எரிநட்சத்திரத்துக்கும் வால்நட்சத்திரத்துக்கும் உள்ள இந்த உறவை 1866-ல் இத்தாலிக்காரர் ஷியாபரெல்லி கணக்குப் போட்டுக் காட்டினார்.

இந்த வால்நட்சத்திரம் மறுபடி வந்தது 1992-ல். அப்போது ஒரு பரபரப்பு கிளம்பியது. அடுத்த முறை வரும்போது, 2126 ஆகஸ்ட் 14 அன்று, பூமி மேல் மோதினாலும் மோதும் என்று. அந்தப் பயத்தைப் போக்க உதவியது சீனாவில் கி.மு. 69-லும் கி.பி. 188-லும் யாரோ வானத்தைப் பார்த்து எழுதி வைத்த குறிப்புகள். அவை இதே வால்நட்சத்திரம்தான் என்று தெரிந்ததும், பாதையைத் துல்லியமாகக் கணக்கிட முடிந்தது. மோதாது. 2126 கோடையில் வெறும் கண்ணுக்கே தெரிகிற மாதிரி வந்து, தன் வழியே போய்விடும். எழுதி வைத்தவர்களுக்கு இது எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க நியாயமே இல்லை. பார்த்தார்கள், தேதி போட்டு எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது வட துருவத்துக்குப் போவோம். இந்த வால்நட்சத்திரம் வந்து போகிற மூன்று தேதிகளையும் வைத்துக்கொண்டு அங்கே எட்டிப் பாருங்கள்.

1862. அதற்குப் பதினேழு வருடம் முன்னால், 1845-ல், ஜான் பிராங்க்ளின் என்ற ஆங்கிலேயர் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களோடு கனடாவுக்கு வடக்கே பசிபிக்குக்கு வழி தேடிப் போனார். கப்பல்கள் பனியில் சிக்கி நின்றன. 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கப்பல்கள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டது 2014-லும் 2016-லும். அந்தக் காலத்தில் அங்கே பனி என்பது ஆளையே விழுங்குகிற சுவர். டெரர் கிடைத்த அதே 2016-ல், அதே வடமேற்கு வழியில், சுமார் ஆயிரம் பயணிகளோடு ஒரு உல்லாசக் கப்பல் போய் வந்தது.

1992. வருடத்திலேயே பனி மிகக் குறைவாக இருப்பது செப்டம்பரில். அந்த வருடம் செப்டம்பரில்கூட 70 லட்சம் சதுர கி.மீ.க்கு மேல் இருந்தது. நம் இந்தியாவின் பரப்பு சுமார் 33 லட்சம் என்று வைத்தால், இரண்டு இந்தியாவுக்கு மேலே. இருபதே வருடம் கழித்து, 2012 செப்டம்பரில், 34 லட்சம். கிட்டத்தட்ட ஒரு இந்தியா. 1979-லிருந்து செயற்கைக்கோள்கள் விடாமல் அளந்து வருகிற கணக்கில் அதுதான் ஆகக் குறைவு. அதற்கப்புறம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, 2025 செப்டம்பரில் 46 லட்சம். "அப்ப பரவாயில்லையே, ஏறிடுச்சே" என்று நினைக்கலாம். ஆனால் பழையபடி 70 லட்சத்துக்கு அது திரும்பவே இல்லை. பனி உச்சத்துக்குப் போகிற மார்ச் மாதத்தைப் பார்த்தால், 2025 மார்ச்சில் தொட்ட 143 லட்சம்தான் அதுவரைக்குமான உச்சங்களிலேயே மிகக் குறைவு.

பரப்பைவிடக் கவலை கனம். கடல் தண்ணீர் உறைவது பூஜ்யத்தில் இல்லை, சுமார் மைனஸ் 1.8 டிகிரியில். உறையும்போது உப்பை வெளியே தள்ளிவிட்டு மெல்லிய தகடாக ஆரம்பிக்கும். ஒரு குளிர்காலம் முடிய ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர் தேறும். அடுத்த கோடையைத் தாண்டிப் பிழைத்தால் இன்னும் கனக்கும். பல வருடப் பழம்பனி மூன்று, நாலு மீட்டர்கூட இருக்கும். 1980-களின் நடுவில் ஆர்க்டிக் குளிர்காலப் பனியில் மூன்றில் ஒரு பங்கு, நாலு வயதுக்கு மேற்பட்ட பழம்பனி. இப்போது நூற்றில் ஐந்துகூட இல்லை. வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் போய், சின்னப் பிள்ளைகள் மட்டும் மிஞ்சின குடும்பம் மாதிரி. ஒரு மோசமான கோடையைத் தாங்க அதற்குத் தெம்பு போதாது.

ஏன் இவ்வளவு வேகம்? ஊரில் வெயில் காலத்தில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்குச் சொல்லித் தரவேண்டாம். சுண்ணாம்பு அடித்த தட்டட்டியில் ஓடிவிடலாம். தார் ரோட்டில் கால் வைக்க முடியாது. பனி சுண்ணாம்பு, கடல் தார். பனி தன் மேல் விழுகிற வெயிலில் பாதியிலிருந்து எழுபது சதவீதம் வரை திருப்பி அனுப்பிவிடும். மேலே புதுப்பனித்தூள் இருந்தால் இன்னும் அதிகம். திறந்த கடல் திருப்புவது 6 சதவீதம்தான், மிச்சத்தைக் குடித்துச் சூடாகும். சூடான கடல் இன்னும் பனியைத் தின்னும். 1979-லிருந்து பார்த்தால் உலகச் சராசரியைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் சூடாகியிருக்கிறது என்று 2022-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

இங்கே ஒரு வேடிக்கை. பெர்சீட் கொட்டுகிற அதே ஆகஸ்டில்தான் அங்கே பனி கரைந்து செப்டம்பர்க் குறைவை நோக்கிப் போகும். ஆனால் வட துருவத்துக்குப் பக்கத்தில் அப்போது சூரியன் மறைவதே இல்லை. தலைக்கு மேலே எரிநட்சத்திரம் கொட்டினாலும் பார்க்க இருட்டு கிடையாது. டிசம்பரில் தலைகீழ். நாள் முழுக்க இருட்டு, ஜெமினிட் இருபத்துநாலு மணி நேரமும் தெரியும், மேகம் விட்டால். அப்போது கீழே பனி உறைந்துகொண்டிருக்கும்.

நம் நாட்டுக்கும் அங்கே ஒரு வீடு இருக்கிறது. நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் நி-ஓலசுண்ட் என்ற இடத்தில், வட துருவத்திலிருந்து சுமார் 1,200 கி.மீ. தள்ளி, ஹிமாத்ரி நிலையம். முதல் இந்தியக் குழு அங்கே போனது 2007 ஆகஸ்டில். அடுத்த மாதமே பனி அதுவரை கண்டிராத அளவுக்குச் சுருங்கியது. நிலையம் திறந்தது 2008 ஜூலையில். 2014-ல் அங்குள்ள காங்ஸ்ஃபியோர்டு என்ற கடற்கழியில் இண்டார்க் என்ற அளவுக்கருவித் தொகுதியை இறக்கினார்கள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் உறைந்து கிடந்த கடற்கழி அது. 2006-க்குப் பிறகு அட்லாண்டிக்கின் வெதுவெதுத் தண்ணீர் உள்ளே புகுந்து, பல குளிர்காலங்களில் சரியாக உறைவதே இல்லை. 2023 டிசம்பரிலிருந்து நம்மாட்கள் அந்த முழு இருட்டுக் காலத்திலும் போய் வேலை பார்க்கிறார்கள்.

சரி, மகள் கேட்ட கேள்விக்கு வருவோம். விழுகிற தூசி எங்கே போகிறது?

நாம் வெளிச்சமாகப் பார்க்கிறதெல்லாம் எரிந்து ஆவியாகிவிடும். அதைவிடப் பொடியான தூசி, எரிகிற அளவுக்குச் சூடாகாமல், மெதுவாகக் கீழே இறங்கிவிடும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் அண்டார்டிகாவின் நடுவில் உள்ள கன்கார்டியா நிலையத்துக்குப் பக்கத்தில், இருபது வருடமாகப் பலமுறை போய், சுத்தமான பனியை வெட்டி உருக்கி, அரிசியில் கல் அரிக்கிற மாதிரி அரித்துப் பார்த்தார்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விண்தூசித் துகள்கள். 2021-ல் அவர்கள் சொன்ன கணக்குப்படி பூமி முழுக்க வருடத்துக்குச் சுமார் 5,200 டன் தரைக்கு வந்து சேருகிறது. உங்கள் மொட்டை மாடியிலும், என் மாடியிலும், கடல் மேலும்.

கடல் மேல் விழுந்தது மூழ்கி அடியில் சேற்றோடு சேர்ந்துவிடும். ஆனால் கடல் மேல் பனி மூடியிருந்தால்? முற்றத்தில் கீற்றுப் பந்தல் போட்டிருக்கும்போது மழை பெய்தால் பந்தலுக்கு அடியில் தரை காய்ந்து கிடக்கும் இல்லையா? பந்தலைப் பிரித்த பிறகு வந்தவன்கூட, காய்ந்த இடத்தைப் பார்த்துப் பந்தல் எதுவரை இருந்தது என்று சொல்லிவிடுவான். இந்த யோசனையைத்தான் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பிராங்கி பாவியாவும் குழுவினரும் எடுத்துக்கொண்டார்கள். ஆர்க்டிக் கடலடியில் மூன்று இடங்களிலிருந்து எடுத்த சேற்றில், விண்தூசி சூரியக் காற்றிலிருந்து சுமந்து வருகிற ஹீலியம்-3 எவ்வளவு என்று அளந்தார்கள். கூடவே தோரியம்-230. இது கடல் தண்ணீரிலேயே உண்டாவது, மேலே பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடியில் படியும். இரண்டையும் ஒப்பிட்டால் எந்தக் காலத்தில் மேலே பந்தல் இருந்தது, எப்போது பிரிந்தது என்று தெரிந்துவிடும்.

2025 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்தது இந்த ஆய்வு. 30,000 வருடக் கணக்கு. சுமார் 20,000 வருடத்துக்கு முன்னால், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, அந்தச் சேற்றில் விண்தூசி இல்லை என்றே சொல்லலாம். வருடம் முழுக்கப் பந்தல். சுமார் 15,000 வருடத்துக்கு முன்னால் பூமி சூடாக ஆரம்பித்ததும் தூசி மறுபடி அடியில் சேர ஆரம்பித்திருக்கிறது. செயற்கைக்கோள் கணக்கு 1979-க்கு முன்னால் கிடையாது. அதற்கு முன்னால் கப்பல்காரர்கள் எழுதி வைத்த கொஞ்சம் குறிப்பு. அதற்கும் முன்னால் மனுஷன் யாரும் எழுதி வைக்கவில்லை. வானத்திலிருந்து விழுந்த தூசி எழுதி வைத்திருக்கிறது.

இதைப் படித்ததும் மகளைக் கூப்பிட்டுச் சொன்னேன். கேள்வி கேட்டு இரண்டு வருடம் கழித்துப் பதில். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நம்ம காலத்துச் சேத்துல தூசி நிறைய இருக்கும்லப்பா? பந்தல் கிழிஞ்சிருக்குல்ல" என்றாள். நான் சொல்ல நினைத்ததே அதுதான். எனக்கு முன்னால் அவள் சொல்லிவிட்டாள்.

இதில் நமக்கு என்ன? கடல் பனி உருகுவதால் கடல் மட்டம் பெரிதாக ஏறாது. ஏற்கனவே மிதக்கிற பனி அது, தம்ளரில் ஐஸ் கரைந்தால் தண்ணீர் வழியாத கதை. கடலை ஏற்றுவது கிரீன்லாந்து, அண்டார்டிகா போன்ற நிலத்தின் மேல் இருக்கிற பனி. ஆனால் வெயிலைத் திருப்பி அனுப்புகிற கூரை போனால் மொத்த வீடும் சூடாகும். நம் மழைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று கோவாவில் இருக்கிற தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானிகள் 2021-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ரஷ்யாவுக்கு வடக்கே காரா கடலில் கோடைப் பனி குறைகிற வருடங்களில், மழைக்காலத்தின் கடைசியில், செப்டம்பரில், மத்திய இந்தியாவில் கொட்டித் தீர்க்கிற மழைக்குச் சாதகமான காற்றோட்டம் அமைகிறது என்கிறார்கள். மானாவாரிக்காரன் மகனுக்கு இது சாதாரண விஷயமில்லை. அறுப்புக்கு நிற்கிற பயிர் மேல் ஒரே நாளில் கொட்டுகிற மழை வேறு, வேண்டும்போது பெய்கிற மழை வேறு.

இன்னொரு கணக்கு. 2016-ல் டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பழைய அளவுகளை வைத்துச் சொன்னது இது. நாம் காற்றில் விடுகிற ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் செப்டம்பர் பனியில் சுமார் 3 சதுர மீட்டர் போகிறது. ஒரு இந்தியர் சராசரியாக வருடத்துக்கு 2 டன் என்று வைத்தால், எங்கள் வீட்டு மூன்று பேருக்கு வருடத்துக்கு 18 சதுர மீட்டர். டெல்லியில் அது ஒரு நல்ல சைஸ் ரூம். சராசரிதான் அது. ஏசி ஓடுகிற, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விமானத்தில் ஊருக்குப் போய் வருகிற நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ரூம் கொஞ்சம் பெரிசு. அமெரிக்காவில் இருக்கிற என் மச்சினர் வீட்டுக்கு ஒரு தனி ஃப்ளாட்டே போகும். துருவத்தில் எங்கேயோ நடக்கிறது என்று நினைத்ததைச் சதுர மீட்டரில் வீட்டுக் கணக்காகப் பார்த்தபோது எனக்கு உறைத்தது.

இப்போது மூன்றாவது தேதி, 2126. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-ல் தந்த அறிக்கைப்படி, எந்த வழியில் போனாலும் 2050-க்குள் ஒரு செப்டம்பரிலாவது ஆர்க்டிக் பனி 10 லட்சம் சதுர கி.மீ.க்குக் கீழே போக வாய்ப்பு அதிகம். பனியே இல்லை என்று சொல்லுகிற அளவு அது. அப்போது என் மகளுக்கு நாற்பது வயதுகூட ஆகியிருக்காது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது, செய்திகளில் அவ்வளவாக அடிபடாதது. கோடைப் பனி ஒருமுறை போனால் போனதுதான் என்று இல்லை. பூமியின் சூடு குறைந்தால் பனி திரும்ப வரும், அதற்கு ஆயிரம் வருடமும் ஆகாது. கடல் பனி சூட்டைப் பின்தொடர்கிற ஆள். நாம் ஏற்றினால் குறையும், இறக்கினால் கூடும். அதனால் 2126-ல் ஸ்விஃப்ட்-டட்டில் எட்டிப் பார்க்கும்போது கீழே வெள்ளையா கறுப்பா என்பது இன்னும் முடிவான விஷயம் இல்லை. வால்நட்சத்திரம் வருகிற தேதியை நம்மால் மாற்ற முடியாது. இதை முடியும்.

உங்கள் பிள்ளைகளோடு எரிநட்சத்திரம் பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு வார்த்தை. ஹான்லே வரைக்கும் போகவேண்டாம். ஆகஸ்டில் நாட்டின் பெரும்பகுதியில் மேகம், அதனால் நமக்கு டிசம்பர் 13, 14 ஜெமினிட்தான் தோது. அதன் தூசி வால்நட்சத்திரத்திலிருந்து வருவதல்ல, 1983-ல் கண்டுபிடித்த ஃபேத்தான் என்ற சிறுகோளிலிருந்து. பெர்சீட்டைவிட வேகம் குறைவு, விநாடிக்கு 35 கி.மீ. சாவகாசமாகப் போகும். அமாவாசையை ஒட்டி வருகிற வருடமாகப் பார்த்து ஊரைவிட்டு ஐம்பது, அறுபது கி.மீ. தள்ளிப் போங்கள். புனே, பெங்களூர், ஐதராபாத்காரர்களுக்கு இது எளிது. டெல்லிக்காரர்கள் ராஜஸ்தான் பக்கம் போகவேண்டும். தொலைநோக்கி வேண்டாம். பாய், போர்வை, ஃப்ளாஸ்கில் காபி. செல்போனை வண்டியிலேயே வைத்துவிடுங்கள், கண் இருட்டுக்குப் பழக அரை மணி ஆகும். ஒரு தடவை போனைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. ஒரு நோட்டு எடுத்துப் போய்த் தேதி, இடம், நேரம், எண்ணிக்கை எழுதி வையுங்கள்.

ஜூனியரின் ஹான்லே நோட்டு பத்திரமாக இருக்கிறது. இருட்டில் போட்ட கோடு, கோழி கிண்டின மாதிரி இருக்கும், ஆனால் தேதியும் நேரமும் தெளிவு. பழைய பேப்பர்காரருக்குப் போடுகிற கட்டில் தங்கமணி அதை ஒருமுறை சேர்த்துவிட்டாள். மகள் வெளியே உருவி எடுத்து, அட்டை மேல் ஸ்கெட்ச் பேனாவில் கொட்டையாக எழுதி வைத்திருக்கிறாள்: "2126 வரை தூக்கிப் போடக் கூடாது."